ஒட்டுக்கு விட்ட ஓரம்

பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் எனக்கு ஜீரணமாகாத விஷயம் ஒன்று உண்டு. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, நல்ல ஷூ போட்ட இரண்டு பேர் தர்ஷினிக்குள் நுழைவார்கள். தர்ஷினி என்றால் நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டல். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று நம்மைப் பற்றிச் சரியாகக் கணித்து நாற்காலிகளை ஒழித்துவிட்டார்கள். கல்லாவில் நின்று அந்த இருவரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஒந்து காபி, பை டூ" என்பார்கள். ஒரே ஒரு காபி இரண்டு குட்டித் தம்ளர்களில் பாதிப் பாதியாக வரும். ஆளுக்கு மூன்று மடக்கு. அந்த மூன்று மடக்கை அரைமணி நேரம் குடித்துக்கொண்டே, வைட்ஃபீல்டில் வாங்கப்போகும் அடுக்குமாடி வீட்டின் நீச்சல்குளம் எத்தனை அடி ஆழம் என்று பேசுவார்கள். சூப்புக்கும் பை டூ உண்டு. நோபல் பரிசு வந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் அதைப் பை டூ சொல்லித்தான் வாங்குவார்கள்.

எங்கள் கோவில்பட்டியில் ஒருவனைக் கடைக்கு அழைத்துப் போய் அரை டீ வாங்கிக் கொடுத்தால், அவன் அடுத்த விசேஷத்துக்கு நம் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அந்த மரபில் வளர்ந்த நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மஞ்சுநாத்தோடு காபி குடிக்கப் போனேன். மஞ்சுநாத் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய கணினியைக் கட்டி மேய்ப்பவர். அவர் பை டூ சொன்னது எனக்குப் புரியவில்லை. பாதித் தம்ளர் வந்ததும் ஏமாற்றுகிறான் என்று எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஹாஃப், ஹாஃப்" என்று சண்டை போட்டேன். கல்லாக்காரர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு பை டூ அனுப்பினார். மேஜையில் நான்கு அரைத் தம்ளர்கள் நின்றன. மஞ்சுநாத் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா ஸார், உங்க ஊர்லருந்து இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களா?" என்று கேட்டார்.

அதைத் தமிழில் கேட்டதுதான் எனக்கு அடுத்த அவமானம். அவர் ஒக்கலிபுரத்தில் வளர்ந்த கன்னடக்காரர். சுற்றிலும் தமிழ் வீடுகள் இருந்ததால் கோலி விளையாடும்போதே தமிழும் வந்துவிட்டதாம். நானோ முப்பது நாளில் கன்னடம் படித்து, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து, "நீவு ஹேகித்தீரா?" என்று அவரிடம் எடுத்துவிடுவேன். அவர், "நல்லா இருக்கேன் ஸார், நீங்க சொல்லுங்க" என்பார். ஒன்பது வருடமாக நான் கன்னடத்தில் கேட்கிறேன், அவர் தமிழில் பதில் சொல்கிறார். இந்த ஊரில் என் கன்னடத்தைக் கேட்டு எனக்குக் கன்னடத்திலேயே பதில் சொன்னது லிஃப்ட் ஒன்றுதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்கிறார்கள். பிரபஞ்சம் செய்கிறேன். சிரிக்க வேண்டாம், என் சக ஊழியர்கள் இதை முகம் மாறாமல் சொல்வார்கள். ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதற்குள் கோடிக்கணக்கான புள்ளிகளைக் கிட்டத்தட்ட சமமாகத் தூவ வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஒரு பொதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஈர்ப்பு விசையை அவிழ்த்துவிட்டால் போதும். கொஞ்சம் கூட்டமாக இருந்த இடம் பக்கத்துப் புள்ளிகளை இழுக்கும், இழுத்ததால் இன்னும் கூட்டமாகும், அதனால் இன்னும் இழுக்கும். கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நடப்பதுதான். கடைசியில் இழைகளும், இழைகள் சந்திக்கும் இடத்தில் கொத்துகளும், நடுவில் ஆளில்லாத பொட்டல்வெளியும் மிஞ்சும். வானத்தில் விண்மீன் மண்டலங்கள் இப்படித்தான் கிடக்கின்றன. ஆகவே நாங்கள் செய்தது சரி என்று நாங்களே எங்களைப் பாராட்டிக்கொள்வோம். பதின்மூன்று பில்லியன் வருட வரலாற்றை ஒன்பது நாளில் ஓட்டி முடிக்கிற நாங்கள், சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்கு மட்டும் ஒன்றரை மணிநேரம் எடுத்துக்கொள்கிறோம்.

இத்தனை புள்ளிகளை ஒரு கணினி தாங்காது. அதனால் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு என்று நூற்றுக்கணக்கான புராசசர்களிடம் கொடுத்துவிடுவோம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிரபஞ்சமும் பை டூதான், என்ன, கொஞ்சம் அதிகம் பேருக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை விளக்க நான் குடியிருக்கும் வீடு போதும். காக்ஸ் டவுனில் ஃபிலோமினா ஆன்ட்டியின் பழைய ஓட்டு வீட்டை மூன்று போர்ஷனாகத் தடுத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் சுவர் செங்கல்லா அட்டையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். பக்கத்துப் போர்ஷனில் மீன் பொரித்தால் என் சட்டை மணக்கும். அங்கே சண்டை வந்தால் நான் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்பேன். என் போர்ஷன் எனக்குத்தான், ஆனால் சுவரோரம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னால் வாழ முடியாது. புராசசருக்கும் அதே நிலைமை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புள்ளி இந்தப் பக்கத்துப் புள்ளியை இழுக்குமே! அதனால் ஒவ்வொரு புராசசரும் தன் துண்டோடு, பக்கத்துத் துண்டின் ஓரத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் அந்த நகல்களுக்குப் பேய் என்று பெயர். பார்க்கலாம், இழுபடலாம், ஆனால் எண்ணும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது பக்கத்து வீட்டுக்காரனுடையது. முதல் வருட மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. நான் இந்தப் பாடத்தை நான்கு வருடம் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன் என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிவைக்கிறேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் பெரிய கணினி ஓட்டம் முடிந்தது. ஒவ்வொரு புராசசரும் தன் துண்டின் படத்தைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. அவற்றை வரிசையாக ஒட்டி ஒரே பெரிய படமாக்குவதற்கு நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒட்டி முடித்துத் திரையில் பார்த்தேன். படத்தின் நடுவில், பெட்டியிலேயே மிகப் பெரிய கொத்து. அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொன்று. இரட்டைப் பிள்ளைகள்! இப்படி ஒரு ஜோடி அமைவது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? எனக்குத் தெரியும், அதனால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னக் கொத்துகளும் ஆங்காங்கே ஜோடி ஜோடியாக நின்றன. அதுவும் கோடு போட்டமாதிரி நேர் நேரான வரிசைகளில். பிரபஞ்சத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது யார் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. ஈர்ப்புக்கு ஜோடி சேர்க்கும் குணம் உண்டு என்று பதினொரு பக்கத்தில் ஒரு கோட்பாடு எழுதினேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் அந்தக் கோட்பாட்டோடு சேர்த்தே வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பேராசிரியர் மைசூர்க்காரர். சாதாரணமாக ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை இருமுவார். படத்தைப் பார்த்ததும் இருமவே இல்லை. "இதை வியாழக்கிழமை சுவரில் மாட்டிவிடு" என்றார். அந்த வியாழக்கிழமை மதிப்பாய்வுக் குழு வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, யாருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டினால் இன்னும் இரண்டு வருடம். நீட்டாவிட்டால் வைட்ஃபீல்டில், ஒரு நிறுவனத்தின் சோப்பு எந்தத் தெருவில் அதிகம் விற்கும் என்று கணிக்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. என் கல்லூரி நண்பன் ஒருவன் அங்கே இருக்கிறான். "அதே கணக்குதான்டா, புள்ளிக்குப் பதிலா கஸ்டமர்" என்பான். அவன் சொல்வது உண்மை என்பதுதான் என் பெரிய பயமே.

இந்த இடத்தில் என் அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டும். முருகேசன். கோவில்பட்டியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவன் இயந்திரத்தின் வழியாகத்தான் ஊரில் நடக்க வேண்டும். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவன் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒருமுறை ஒரு வட்டச் செயலாளர் தன் கூட்டத்தின் படத்தைக் கொண்டுவந்தார். படத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், அதில் ஏழெட்டுப் பேர் போலீஸ்காரர்கள். அண்ணன் கூட்டத்தை வெட்டினான், ஒட்டினான், மறுபடி வெட்டினான், ஒட்டினான். கால்மணி நேரத்தில் மக்கள் வெள்ளம். சிவப்புத் துண்டு கட்டிய ஒரே பெரியவர் அந்த வெள்ளத்தில் ஆறு இடத்தில் கை தூக்கிக்கொண்டிருந்தார். வட்டச் செயலாளர் கண்கலங்கிப்போனார். நான் என் மேதாவித்தனத்தில், "என்னண்ணே, இப்படி ஏமாத்துற வேலை பாக்கே" என்று இளக்காரமாகக் கேட்டேன். "எலேய், நீ அங்கன புள்ளிய வச்சுப் பண்ணுததத்தான் நான் இங்க ஆள வச்சுப் பண்ணுதேன்" என்றான். நான் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அறிவியலை அவமதித்துவிட்டானாம்.

இரட்டைக் கொத்துச் செய்தியை நான் ரகசியமாக வைத்திருந்தேன். அதாவது அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அண்ணன் நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சொன்னான். அவர்கள் சனிக்கிழமை எனக்குப் பாராட்டு விழா என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் எந்தச் சட்டை போட வேண்டும் என்றும் அதே போனில் கேட்டேன். அண்ணன் இருபதடி அகலத்தில் ஃப்ளெக்ஸ் அடிப்பதற்காகப் படத்தைக் கேட்டான், அனுப்பினேன். இந்தப் பக்கம் ஃபிலோமினா ஆன்ட்டியிடமும் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். அவர் ஓய்வுபெற்ற டீச்சர். மூன்று தலைமுறையாகக் காக்ஸ் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, "நம்ம டெனன்ட் ஆகாசத்துல ட்வின்ஸ் கண்டுபுடிச்சிருக்கான்" என்று அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலம் எனக்கு யார் யார் வீட்டிலிருந்தோ கேக் வந்தது. குழந்தைகளின் எடை என்ன என்று ஒரு பாட்டையா அக்கறையாக விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் அண்ணன் கூப்பிட்டான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"எலேய் தம்பி, இந்தப் படத்த யார் ஒட்டுனா?"

"நான்தாம்ணே. ஏன்?"

"இருபதடிக்குப் பெருசு பண்ணி அடிச்சிட்டேன். நடுவுல ஒன் மூஞ்சி. மூஞ்சிக்கு ரெண்டு பக்கமும் கடுக்கன் போட்டாப்ல அந்த ரெண்டு கொத்து. எல்லாம் அம்சமாத்தான் கெடக்கு. ஆனா இது ரெண்டு இல்லலே. ஒண்ணுதான்."

"என்னண்ணே சொல்ற?"

"எடது பக்கத்துக் கொத்துக்குக் கீழ வால் மாதிரி மூணு புள்ளி இருக்குல்லா? நடுப்புள்ளி கொஞ்சம் மங்கல். வலது பக்கத்துலயும் அதே மூணு, அதே நடுப்புள்ளி, அதே மங்கல். செவப்புத் துண்டுக்காரர் ஆறு எடத்துல நின்னாருல்லா, அந்த மாதிரி நிக்கி."

நான் சிரிக்க முயன்றேன். இயற்பியலில் இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்று தொடங்கினேன். அவன் முடிக்கவிடவில்லை.

"தம்பி, என் மிஷினு பத்தடி அகலந்தான் அடிக்கும். இருபதடி வேணும்னா ரெண்டு துண்டா அடிச்சு ஒட்டணும். ஒட்டுக்குன்னு ரெண்டு துண்டுலயும் ஓரம் விடுவோம். அந்த ஓரத்துல ரெண்டு பக்கமும் ஒரே படந்தான் இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணப் போட்டு ஒட்டுனா சரியா வரும். அப்படிப் போடாம நுனிக்கு நுனி வச்சு ஒட்டுனா தலைவருக்கு மூக்கு ரெண்டு. தொழில் படிக்கும்போது நான் ஒரு மந்திரிக்கு ரெண்டு மூக்கு வச்சு ஒட்டி அடி வாங்கியிருக்கேன். நீ ஒட்டுக்கு விட்ட ஓரத்த ஏத்திப் போட்டியா இல்லையா?"

போனைக் காதில் வைத்தபடியே என் நிரலைத் திறந்து பார்த்தேன். பேய்கள். ஓரத்து நகல்கள். ஒவ்வொரு துண்டின் படத்திலும் பக்கத்து வீட்டு ஓரமும் சேர்ந்தே இருந்தது. நான் அதை வெட்டாமல், அப்படியே நுனிக்கு நுனி வைத்து ஒட்டியிருந்தேன். ஜோடிகள் ஏன் நேர்க்கோட்டில் நின்றன? அவை ஒட்டுகள். ஈர்ப்பு விசையின் ஜோடி சேர்க்கும் குணம் என்று நான் எழுதிய பதினொரு பக்கமும் தையல் தெரியாதவன் தைத்த சட்டையின் வர்ணனை.

"சட்டுன்னு சொல்லுலே. ரெண்டு துண்டும் அடிச்சுக் கெடக்கு. ஒட்டவா, வேண்டாமா?"

"வியாழக்கிழமை கழியட்டும்ணே. யாருக்கும் தெரியாது" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது என்று இன்றும் சாதிக்கிறேன்.

"கட்சிக்காரனுக்குப் பண்ணுதது வேற. அவனுக்கும் தெரியும், பாக்குதவனுக்கும் தெரியும், அதுல யாரும் ஏமாறல. ஒன் மூஞ்சிக்குப் பக்கத்துல இத நான் ஒட்ட மாட்டேன். நீ வேற கடையப் பாத்துக்க" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டான்.

மஞ்சுநாத்தைத் தேடிப் போனேன். குளிரூட்டிய கணினி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கன்ஃபார்ம் பண்ணிடலாம் ஸார்" என்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு எண் கொடுத்திருப்போம், அது கடைசிவரை மாறாது. இரண்டு கொத்துகளின் எண்களையும் எடுத்து ஒப்பிட்டார். விசையைத் தட்டி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. இரண்டிலும் அதே எண்கள், ஒன்றுகூட வேறில்லை. "அண்ணன் சொன்னது கரெக்ட்டு. இன்னா படிச்சிருக்கார் அவரு?" என்றார். பத்தாவது என்றேன். "ஃபெயிலா பாஸா?" பாஸ் என்றேன். "அதான்" என்றார். அதில் என்ன 'அதான்' என்று இன்றுவரை விளங்கவில்லை. பிறகு கீழே போய்ப் பை டூ வாங்கித் தந்தார். அன்று என் அரைத் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அதையும் அவரே குடித்தார்.

மாலையில் வீட்டு வாசலில் ஆன்ட்டி தன் பழைய ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"ஒன்னுதானா? அய்யோ, நான் ஃபாதர் வரைக்கும் சொல்லிட்டேனேப்பா!" என்று துணியைக் கீழே போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்னே இரு. ரெண்டா ஒன்னான்னு யாரு மேல போயி எண்ணப் போறாங்க? அந்தக் கமிட்டிக்காரங்க போறவரைக்கும் வாயத் தொறக்காத. வேல போச்சுன்னா இந்தப் போர்ஷனுக்கு நான் யாரத் தேடுவேன்? அடுத்தது வர்றவன் கிடார் வாசிப்பான்" என்றார்.

எனக்குச் சாதகமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே பயமாக இருந்தது. என் ஊர்க்காரர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்று நான் நேர்மையானவனாக இல்லை. புதன்கிழமை விடியும்வரை நான் போட்ட கணக்கு ஒன்றுதான். குழுவில் ஐந்து பேர். இருவர் பிஸ்கட்டில் கவனமாக இருப்பார்கள். ஒருவர் தூங்குவார். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதில் மும்முரமாக இருப்பார்கள். யாரும் அந்த வாலையோ அதன் நடுப்புள்ளியையோ பார்க்கப்போவதில்லை. எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் ஆறு இடத்தில் கை தூக்கிய பெரியவர் கணக்கில் குறுக்கே வந்து வந்து நின்றார். ஊருக்கே வெட்டி ஒட்டுகிறவன் எனக்கு மட்டும் ஒட்ட மறுத்துவிட்டான். அவன் என்னை மதித்தது அதுவரை எனக்குத் தெரியாது. அது தெரியவந்த அன்றே அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நீண்டநேரம் இருமினார்.

"யார் கண்டுபிடித்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அண்ணன் சார்."

"எங்கே இருக்கிறார்?"

"கோவில்பட்டியில். லார்ஜ் ஃபார்மேட் பிரிண்டிங்." ஃப்ளெக்ஸ் போர்டு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததால் அந்த விளம்பரப் பலகை ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "லார்ஜ் ஃபார்மேட் இமேஜிங்கா? எல்லை நகல்களை வெறும் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டாரா? அபாரம். அங்கே யாருடைய குழுவில் இருக்கிறார்?"

"அவரே குழுத் தலைவர் சார். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஒட்டுவார், ஒருவர் கட்டுவார்."

"சிறிய குழுக்கள்தான் நல்ல வேலை செய்கின்றன" என்று அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த மாதம் அண்ணனை ஒரு கருத்தரங்கு உரைக்கு அழைக்கும்படி சொன்னார். நான் திருத்தவில்லை. பொய் சொல்லவும் இல்லை. பிறகு படத்தை நான் சரியாக ஒட்டிக் கொடுத்தேன். ஓரத்தை வெட்டியதும் ஜோடிகளெல்லாம் மாயமாகி, நேர்க்கோடுகள் அழிந்து, பிரபஞ்சம் வழக்கம்போல் அலங்கோலமாக, அழகாக வந்தது. நடுவில் ஒற்றைக் கொத்து.

வியாழக்கிழமை குழு வந்தது. பிஸ்கட் பற்றிய என் கணிப்பு மட்டும் துல்லியமாக இருந்தது. ஒருவர் படத்தைப் பார்த்து, "இதில் புதிதாக என்ன?" என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சுருக்கமான ஆய்வுரை அது. மாலையில் முடிவு வந்தது. ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு வருடம் இல்லை, ஒரு வருடம். அந்த ஒரு வருடத்திலும் பாதி நேரம் ஆராய்ச்சி, பாதி நேரம் மஞ்சுநாத்தோடு கணினியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு மஞ்சுநாத் நெடுநேரம் சிரித்தார். "ஸார், உங்க வேலையையே பை டூ சொல்லிட்டாங்க! வாங்கோ, காபிக்குப் போவோம்." இப்போது நான் கூச்சமில்லாமல் பாதித் தம்ளரை வாங்கிக் குடிக்கிறேன்.

பாராட்டு விழா நின்றுபோனது. சங்கத்துக்காரர்களிடம் எனக்கு மஞ்சள் காமாலை என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் யாருக்கும் புரியாது, காமாலை என்றால் எல்லோருக்கும் புரியும் என்பது அவன் வாதம். விளைவாக ஊரிலிருந்து எனக்குக் கீழாநெல்லி வந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் ஆம்னி பஸ்ஸில் அண்ணன் ஒரு பார்சல் போட்டுவிட்டிருந்தான். அம்மா கொடுத்தனுப்பிய வற்றல், வடகம். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது பத்தடி ஃப்ளெக்ஸ். பிரித்து, மடிந்திருந்த ஓரத்தை அப்படியே விட்டு வாசலில் விரித்தேன். வலது பக்கத்துத் துண்டு. என் ஒரு கண், பாதி வாய், ஒரு காது, காதுக்குப் பக்கத்தில் கடுக்கன்போல ஒரு கொத்து. மேலே 'அளந்த அன்புத் தம்பியே' என்று எழுத்து. எதை அளந்தேன் என்பது மற்றத் துண்டில் போய்விட்டது. அண்ணனைக் கூப்பிட்டு, இன்னொரு பாதி எங்கே என்று கேட்டேன். "கடை வாசல்ல என் வண்டிக்குப் போத்தியிருக்கேன். நல்ல கனமான ஃப்ளெக்ஸுலே, ரெண்டு மழைக்காலம் தாங்கும்" என்றான்.

ஃபிலோமினா ஆன்ட்டி விரித்திருந்த என் பாதி முகத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "வேஸ்ட் பண்ணாதப்பா" என்று சொல்லித் தன் ஸ்கூட்டர்மேல் போட்டு நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டார். இப்போது காக்ஸ் டவுனில் மழை பெய்தால் என் ஒரு கண்ணில் தண்ணீர் தேங்குகிறது. கோவில்பட்டியில் எப்போதாவது பெய்தால் மறு கண்ணில் தேங்கும். இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு கொத்து இருக்கிறது, இரண்டும் ஒரே கொத்துதான்.

நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, செங்கல் நகர்ந்து ஃப்ளெக்ஸின் மடிப்பு காற்றில் விரிந்து கிடந்ததைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு என் மூக்கு முழுதாக இருந்தது. முகத்தில் ஒட்டு விழுந்தால் ஒரு சாண் ஓரம் விட வேண்டும் என்பது அண்ணன் கடைச் சட்டம். அப்படியானால் கோவில்பட்டியில் அண்ணன் வண்டிமேல் கிடக்கும் துண்டிலும் அது முழுதாக இருக்கும். ஓரத்தை மடிக்காமல் இழுத்துவிட்டு, செங்கல்லை அந்த மூக்கின்மேலேயே வைத்துவிட்டுப் போனேன்.